பண்டிகை லீவும் ஒரே ஒரு மேசையும்

ஹோம்ஸ்கூலிங் செய்கிற, அதாவது பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிற வீடுகளில் பண்டிகை நெருங்கினால் எல்லாரும் நேரத்துக்குத்தான் அட்டவணை போடுகிறார்கள். காலையில் கணக்கு, பத்தரைக்குக் கைவேலை, மத்தியானம் வாழ்த்து அட்டை, சாயந்தரம் சமையல். தாளில் பார்க்க ஜோராக இருக்கும், மூன்றாம் நாளே குப்புற விழுந்துவிடும். நேரம் போதாமல் விழுவதில்லை, மேசை போதாமல் விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே மேசை. நேற்றுச் செய்த பொம்மை அதில்தான் காய வேண்டும், பசை தடவிய தோரணம் அதில்தான் கிடக்க வேண்டும், பின்னக் கணக்கும் அதில்தான் நடக்க வேண்டும், மூன்று வேளையும் சாப்பிடவும் வேண்டும்.

அதனால் எந்தக் கைவேலையை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது "இது அழகாக வருமா" என்பதில்லை. எவ்வளவு நேரம் காயும், எங்கே காயும், அதுவரை யார் கை படாமல் இருக்கும் என்பதுதான். என் கட்சி இதுதான்: மேசையைப் பல நாள் பிடித்துக்கொள்ளும் வேலை ஒரு சீசனுக்கு ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் மடியில் வைத்துச் செய்வதாகவோ, அலமாரியில் தூக்கி வைத்துவிட்டு மறப்பதாகவோ இருக்கட்டும்.

மேசையை அதிகம் தின்பது உப்பு மாவு பொம்மை. 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, முக்கால் கப்பிலிருந்து 1 கப் வரை தண்ணீர். தண்ணீரை மொத்தமாகக் கொட்டாதீர்கள். மாவுக்கு மாவு இழுக்கும் அளவு மாறும். கையில் ஒட்டாமல், விரலால் குத்தினால் குழி அப்படியே நின்றால் பதம் சரி. கல் உப்பு போட்டால் பாதி கரையாமல் நின்று, காய்ந்தபின் மேல்பரப்பு சொரசொரவென்று உதிரும். பேக்கிங் பவுடர் கலந்தே விற்கிற மாவும் வேண்டாம். சூட்டில் நட்சத்திரம் தலையணையாக உப்பிவிடும்.

கனம் 5, 6 மில்லிமீட்டர் போதும். அதற்கு மேல் போனால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருப்பதால் அது சுருங்காது. இரண்டும் இழுத்துக்கொள்ளும் இடத்தில் விரிசல் விழும். சின்னப் பிள்ளைகள் விரல் கனத்துக்குத்தான் தேய்ப்பார்கள். அதற்காகக் கையிலிருந்து பிடுங்கி நீங்கள் தேய்த்துக் கொடுக்க வேண்டாம். மாவின் இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் உயரமுள்ள இரண்டு குச்சிகளை வைத்து, அவற்றின் மேல் கட்டையை உருட்டச் சொல்லுங்கள். கட்டை குச்சிக்குக் கீழே இறங்காது, கனம் தானாக ஒன்றுபோல் வரும்.

தொங்கவிடும் துளையை ஈரத்திலேயே, ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி, ஸ்ட்ராவால் குத்திவிட வேண்டும். காய்ந்தபின் ஆணியால் குத்தினால் பிளந்துவிடும். ஓவனில் 100 முதல் 120 டிகிரி, 2 முதல் 3 மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போடணும். சீக்கிரம் ஆகட்டும் என்று 180-க்கு ஏற்றினால் உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகிக் கொப்புளம் கொப்புளமாக எழும். ஓவன் இல்லையென்றால் கம்பித் தட்டில் வைத்து, தினம் ஒருமுறை திருப்பி, 3 முதல் 5 நாள். மழைக் காற்று அடிக்கும் நாட்களில் இந்தக் கணக்கு செல்லாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை உறிஞ்சிக் கசிய ஆரம்பிக்கும். பொம்மை காயாது, முன்பே காய்ந்த பொம்மையும் திரும்ப நமுத்துப்போகும். அப்படிப்பட்ட வாரத்தில் உப்பு மாவைத் தொடவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகே வர்ணம், அதற்குப் பிறகு முன்னும் பின்னும் துளையின் உள்விளிம்பிலும் வார்னிஷ். பின்பக்கத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும்.

இன்னொன்று, வீட்டில் நாய் இருந்தால் இந்த மாவு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஒரு துண்டைத் தின்றாலே உடம்பில் உப்பு ஏறி நாய்க்கு ஆபத்தாக முடியலாம். எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கும் இது ஆகாது.

இதில் பாடம் எங்கே என்று தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து "விகிதங்கள்" என்று தலைப்புப் போட்டு ஒரு பயிற்சித்தாளை இதன் கூடவே நீட்டாதீர்கள். டப்பாவில் ஒன்றரை கப் மைதாதான் மிச்சம் என்றால் உப்பு எவ்வளவு என்ற கேள்வி தானாக வரும், முக்கால் கப் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். தப்பாகப் போட்டால் மாவே காட்டிக்கொடுக்கும். உப்பு குறைந்தால் இழுபட்டுச் சுருங்கும், கூடினால் உதிரும். அந்த இடத்தில் நாம் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

மடியில் வைத்துச் செய்கிற வேலைக்குக் காகிதத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆறு முனை நட்சத்திரம் வெட்டச் சொன்னால் முக்கால்வாசிப் பிள்ளைகள் எட்டு முனையோடு வந்து நிற்பார்கள். காகிதத்தைப் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று மடித்தால் எட்டுதான் வரும். ஆறு வேண்டுமென்றால் அரைவட்டத்தை மூன்றாக மடிக்க வேண்டும், கண் மதிப்பில் மூன்றாக மடிப்பது பெரியவர்களுக்கே வராது. காம்பஸில் வட்டம் போட்டதும் அதே அளவை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பிலேயே ஊசியை நகர்த்தி நகர்த்திக் குறித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். சரியாக ஆறு தடவையில் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும். ஏன் ஐந்தும் இல்லை, ஏழும் இல்லை என்று கேட்கிற பிள்ளைக்கு ஆறு சமபக்க முக்கோணங்களை வரைந்து காட்டலாம். கேட்காத பிள்ளையை விட்டுவிடலாம்.

குறித்த புள்ளிகளை வைத்துப் பாதியாக, பிறகு மூன்றாக, மறுபடி பாதியாக மடித்தால் 12 அடுக்கு. சாதாரண 80 கிராம் தாளிலேயே (ஒரு சதுர மீட்டர் 80 கிராம் எடையுள்ள தாள்) இது சின்னக் கத்தரிக்குக் கனம். கத்தரி வழுக்கி, மேலடுக்கும் கீழடுக்கும் வேறு வேறு வடிவமாக வரும். மெல்லிய டிஷ்யூ தாள் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசி மடிப்பை விட்டு 6 அடுக்கில் வெட்டச் சொல்லுங்கள். விரித்ததும் நட்சத்திரம் துண்டு துண்டாகக் கொட்டினால், ஒரு மடிப்போரத்திலிருந்து எதிர் மடிப்போரம் வரை வெட்டு முழுசாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

வளையத் தோரணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர். குறுக்கே இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் 21 சென்டிமீட்டர் நீளத்தில் 11 பட்டை. ஒட்டுவதற்கு 2 சென்டிமீட்டர் போக மீதி 19-ல் சுமார் 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையம். 5 மீட்டர் தோரணத்துக்கு 84 வளையம், அதாவது 8 தாள். ஆனால் தொங்கவிட்டதும் வளையங்கள் இழுபட்டு முட்டை வடிவாகி நீளம் கூடிவிடும். பத்து வளையம் கோத்து, தொங்கவிட்டு, அளந்துவிட்டுப் பிறகு பெருக்கச் சொன்னால் சரியான எண் கிடைக்கும். காகிதக் கணக்குக்கும் நிஜத்துக்கும் நடுவே விழுகிற அந்த இடைவெளியைப் பத்து வயதுப் பிள்ளை தன் கையால் கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிக் கெடுக்காதீர்கள்.

வாழ்த்து அட்டைக்குத் தடித்த தாள் வாங்கினால் மடிப்பு வெடித்து வெள்ளை நார் தெரியும். காகிதத்தின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மடிப்பதால் வருகிற வினை அது. தாளை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அப்படியே மடிக்கணும். மடிக்கும் முன் மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டால் இன்னும் சுத்தம். அஞ்சலில் அனுப்புகிறவர்களுக்கு எடைக் கணக்கும் சுலபம். 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 கிராம் தாள் ஒன்று 5 கிராம். 200 கிராம் அட்டையில் பாதி ஏ4-ஐ மடித்தால் 6.25 கிராம்.

பெரிய பிள்ளைகளுக்கு இந்த அட்டையையே ஒளிரும் அட்டையாக்கலாம். ஒரு எல்.இ.டி., ஒட்டும் செப்புப் பட்டை, சிஆர்2032 பட்டன் பேட்டரி, அவ்வளவுதான். பேட்டரியின் பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். எல்.இ.டி.யின் நீளக் கால் பிளஸ் பக்கம். திருப்பி வைத்தால் எரியாது, கெட்டும் போகாது. மூலையில் பட்டையை வெட்டி ஒட்டாமல் மடித்துத் திருப்புங்கள். பல பட்டைகளில் பசைப்பக்கம் மின்சாரம் கடத்தாது, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டினால் தொடர்பு அறுந்துவிடும்.

எல்லாரையும் குழப்புவது வேறொன்று. சிவப்பும் வெள்ளையும் தனித்தனியே எரியும், ஒரே பேட்டரியில் பக்கத்துப் பக்கத்தில் இணைத்தால் சிவப்பு மட்டும் எரியும். வெள்ளை விளக்கு கெட்டுவிட்டதென்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். சிவப்புக்கு 2 வோல்ட் அளவு போதும், வெள்ளைக்கு 3 வோல்ட் கிட்ட வேண்டும். சிவப்பு எரியத் தொடங்கியதும் அந்தச் சின்ன பேட்டரியின் வோல்ட் கீழே இழுபட்டுவிடும், வெள்ளைக்கு எட்டாது. ஒரே நிறமாகப் போடுங்கள், இல்லையென்றால் நிறத்துக்கு ஒரு பேட்டரி.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். எத்தனை பிரித்தோம் என்று எண்ணிக் கொடுத்து, வேலை முடிந்ததும் எண்ணி வாங்கணும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், காத்திருந்து பார்க்கக் கூடாது. கீழே தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வேலையை வேறொரு வருஷத்துக்குத் தள்ளிவையுங்கள்.

அலமாரி வேலைக்குப் படிகாரம். 20 டிகிரியில் 100 மில்லி தண்ணீர் சுமார் 14 கிராம் படிகாரத்தைத்தான் கரைக்கும், 50 டிகிரியில் சுமார் 37 கிராம். சூடான தண்ணீரில் 30 கிராம் கரைத்து ஆறவிட்டால் மிச்சம் படிகமாக வெளியே வந்தே ஆக வேண்டும். மறுநாள் அடியில் கிடப்பவற்றில் நல்ல உருவமுள்ள ஒன்றை நைலான் நூலில் கட்டி, தெளிந்த கரைசலில் தொங்கவிட்டு, தூசி விழாமல் தாளால் மூடி வைத்தால் எட்டு முகப் படிகம் வளரும். கட்டிய படிகம் காணாமல் போனால் கரைசல் நீர்த்திருக்கிறது. வெயில் படும் ஜன்னலோரத்திலும் இதே கதிதான், பகல் சூட்டில் கரைந்துவிடும். இருட்டு மூலையில் ஒரு வாரம், பத்து நாள் தொடாமல் இருக்கணும். தொடாமல் இருப்பதற்கு ஒரே வழி, பிள்ளைகள் கண்ணில் படாத தட்டு.

சரி, பாடம்? என்னைக் கேட்டால் தினம் 15 நிமிஷம் கணக்கு, ஒரு வேளை சத்தமாகக் கதை வாசிப்பு, இரண்டு மட்டும் போதும். எட்டு வயதுக்குள்ளான பிள்ளைகளுக்குப் பாடம் 20 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது என்று ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) நூறு வருஷத்துக்கு முன்பே சொல்லிவைத்தார், பண்டிகை வாரத்தில் அதைப் பெரிய பிள்ளைகளுக்கும் நீட்டலாம். கணக்கை முழுசாக நிறுத்தினால் திரும்பத் தொடங்கும் வாரம் சண்டையில் போகும். வரலாறும் இலக்கணமும் இரண்டு வாரம் காத்திருக்கும், ஒன்றும் குடிமுழுகாது. கதை வாசிப்பைக் காகிதம் வெட்டும் நேரத்தில் வையுங்கள், காது சும்மாதான் இருக்கிறது. செப்புப் பட்டை ஒட்டும்போது வேண்டாம். படித்த மணிக்கணக்கைப் பதிவு செய்யச் சட்டம் கேட்கிற ஊரில் இருப்பவர்கள், சாயந்தரமே தேதியோடு இரண்டு வரி எழுதி, பிசகிப்போனதையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். மாசக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும்.

விருந்தாளிகள் வந்ததும் "எங்கே, பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பிப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவர்கள் கையில் ஒரு கத்தரியையும் வட்டத்தாளையும் கொடுத்து ஆறு முனை நட்சத்திரம் வெட்டித்தரச் சொல்லும்படி பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். பிறகு அவர்களே பாடம் கேட்பார்கள்.

ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் கோணலைச் சரிசெய்து, மூக்கை ஒட்டவைத்து, வர்ணத்தை மெழுகிவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. காலையில் பிள்ளை பார்த்ததும் கண்டுபிடித்துவிடும். எதுவும் கேட்காது, அடுத்த பொம்மையை "நீங்களே செய்யுங்க" என்று தள்ளிவிடும். கோணலானதைக் கோணலாகவே தொங்கவிடுங்கள். போட்டோவில் நன்றாக வராது என்றால் போட்டோ எடுக்க வேண்டாம்.

எடுத்து வைக்கிற நாளில், அட்டைகளிலிருந்து பேட்டரியைக் கழற்றி, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். ஒட்டாமல் டப்பாவில் குவித்தால் ஒன்றையொன்று தொட்டு, மின்சாரம் பாய்ந்து சூடாகும். உப்பு மாவு பொம்மைகளைத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் சேர்த்துக் கட்டினால் அடுத்த வருஷம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். படிகத்துக்கு மெல்லிய நெயில் பாலிஷ் ஒரு பூச்சு போதும்.