1409-ஐ மட்டும் காட்டினால் எப்படி?

"கியோட்டோவில் 1409-லேயே மார்ச் 27-இல் செர்ரி பூத்திருக்கிறது, அன்று கார் ஏது, ஆலை ஏது? ஆக வெப்பமயமாதல் கட்டுக்கதை" என்கிறீர்கள். தேதி சரிதான். முடிவுதான் தவறு.

அரசவைக்காரர்களும் துறவிகளும் எழுதிவைத்த நாட்குறிப்புகளைத் துருவி ஜப்பானிய ஆய்வாளர் யாசுயுகி அவோனோ தொகுத்த கியோட்டோ செர்ரி மலர்ச்சிப் பட்டியலில் உள்ள தேதி அது. அந்தப் பட்டியல் கி.பி. 812 வரை பின்னோக்கிப் போகிறது; நடுவே விடுபட்ட ஆண்டுகளும் நிறைய. அதில் பழைய காலத்து முழுமலர்ச்சி பெரும்பாலும் ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியே விழுகிறது. 1409 ஒரு விதிவிலக்கு. ஒற்றை ஆண்டு எப்போதும் இப்படித் துள்ளும். பார்க்க வேண்டியது பல பத்தாண்டுகளின் சராசரியை. அது இப்போது ஏப்ரல் முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் சொல்லாமல் விட்டது இன்னொன்று: 600 ஆண்டுக்கு மேல் யாரும் முந்தாத அந்தத் தேதியை 2021 (மார்ச் 26) முந்தியது, அதையும் 2023 (மார்ச் 25) முந்தியது.

"எல்லாம் நகரத்துச் சூடு" என்று இன்னொருவர் எழுதியதில் பாதி உண்மை உண்டு. கியோட்டோவின் கட்டடங்களும் தார்ச்சாலைகளும் மலர்ச்சியை முன்னே தள்ளியிருக்கின்றன. ஆனால் அதைக் கழித்துப் பார்த்த ஆய்விலும் மனிதர்களால் வந்த வெப்ப உயர்வின் பங்கு தனியாகத் தெரிகிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பூ முக்கியமாகச் சொல்வது மார்ச் மாத வெப்பத்தை. முழு ஆண்டையும் அல்ல. மொட்டு உறக்கம் கலையக் குளிரும் வேண்டும். குளிர்காலம் போதிய அளவு குளிராவிட்டால் ஜப்பானின் தெற்கே உள்ள கியூஷு தீவின் தென்பகுதியில் பூப்பது தாமதமாவதும் உண்டு. அதைக் காட்டி "பூமி குளிர்கிறது" என்று அடுத்து யாரும் கிளம்பி வராதீர்கள்.