திங்கட்கிழமை காலை வந்த மெயில்

மறுபடியும் அதே கதை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் பில் போட்டோம், திங்கட்கிழமை காலை வந்து உட்கார்ந்தால் மேனேஜ்மென்ட்டிடமிருந்து மெயில்: இன்று முதல் புது சாஃப்ட்வேர். பயிற்சி? நாற்பது நிமிட வீடியோ, அதுவும் வேறு ஏதோ கம்பெனிக்காக எடுத்தது. வாசலில் சரக்கோடு லாரி நிற்கிறது, டிரைவர் சரக்கோடு கொண்டுபோக வேண்டிய இ-வே பில்லுக்காக ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்க்கிறார், எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு சேவ் பட்டன் எங்கே என்றே தெரியவில்லை. இருபது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு வவுச்சர் போட்டவர், அன்றைக்குக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். அவரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நாங்கள் மாற மாட்டோம் என்று யார் சொன்னது? 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது ராத்திரி பகலாக உட்கார்ந்து வாட், சேவை வரி எல்லாவற்றையும் விட்டுப் புது முறைக்கு மாறியது இதே ஆட்கள்தானே? அப்புறம் பில்லை அரசு போர்ட்டலில் பதியும் இ-இன்வாய்ஸ், அதையும்தான் கற்றுக்கொண்டோம். இப்போது பழைய பாக்கிக் கணக்கில் பாதி புதுசுக்கு ஏறவே இல்லை, வாடிக்கையாளர் போன் போட்டுத் திட்டினால் வாங்கிக்கட்டிக்கொள்வது நாங்கள். மீட்டிங்கில் மட்டும் ‘ஊழியர்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று ஒரு ஸ்லைடு. எங்களிடம் எப்போது சொன்னீர்கள், ஒத்துழைக்க?