கழுத்துத் துணியை மட்டும் பார்த்துச் சிரிக்காதீர்கள்

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதும் பலர் பாரிஸில் 'அன்குருவாயாபிள்' ('நம்பவே முடியாதவர்கள்') என்று பெயர் வாங்கிய அலங்கார இளைஞர்களைக் கோமாளிகளாகக் காட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள். அந்தக் காலத்து ஓவியர் கார்ல் வெர்னே வரைந்த கேலிச்சித்திரத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தாடையை மறைக்கும் கழுத்துத் துணி, நாய்க்காது மாதிரி இருபக்கமும் தொங்கும் முடி, தொளதொள கோட்டு. பேசும்போது 'ர' ஒலியையே விழுங்கிவிடுவார்களாம். சரி, சிரிக்கலாம். ஆனால் அவர்கள் கையில் முண்டும் முடிச்சுமாக ஒரு தடி இருக்குமே, அதையும் பாருங்கள். அந்த வேஷத்திலேயே முக்கியமானது அதுதான் என்பேன்.

எதிரிகள் என்று பட்டவர்களையெல்லாம் கொன்ற புரட்சியின் 'பயங்கர ஆட்சி'க்குத் தலைவராக இருந்த ரோபஸ்பியர் 1794 ஜூலையில் வீழ்ந்ததும் இந்தக் கூட்டம் தெருவுக்கு வந்தது. அப்போது இவர்களை 'முஸ்காதன்' (வாசனை பூசிய மினுக்கர்கள்) என்றார்கள். எல்லோரும் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. குமாஸ்தாக்கள், வியாபாரிகளின் மகன்கள், பட்டாளத்துக்குப் போகாமல் தப்பியவர்கள் நிறைய. இவர்களைத் தூண்டிவிட்ட ஃப்ரேரோன் என்ற அரசியல்வாதி யார் தெரியுமா? கொஞ்ச நாள் முன்புதான் தூலோன் துறைமுக நகரில் ஆட்களைக் கும்பலாகச் சுட்டுக் கொல்ல வைத்தவர்!

நவம்பரில், ரோபஸ்பியர் சார்ந்திருந்த புரட்சிக்காரர்களின் ஜாகோபின் சங்கத்தைத் தாக்கினார்கள். அங்கே வந்திருந்த பெண்களையும் விடவில்லை, அடித்தார்கள். 1795 பிப்ரவரியில் நாடக அரங்குகளில் இருந்த, கொலையுண்ட புரட்சித் தலைவர் மாராவின் சிலைகளை உடைத்தார்கள்.

பயங்கர ஆட்சியில் நல்ல துணி உடுத்தவே பயந்திருந்தவர்களுக்கு, அது முடிந்ததும் ஆடம்பரமாக உடுத்தும் ஆசை வந்தது எனக்குப் புரிகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. 'இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது' என்று 1793 அக்டோபரிலேயே சட்டம் போட்ட நாடு அது. ரோபஸ்பியரே கடைசிவரை தலைமுடிக்குப் பவுடர் பூசியவர்தான்.

என் கோபம் வேறு. அந்தக் குளிர்காலத்தில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள், காகிதப் பணம் மதிப்பிழந்தது, ரொட்டிப் பங்கீடு சுருங்கிக்கொண்டே போனது. மே மாதம் 'ரொட்டி கொடு' என்று பெண்கள் முன்னால் நிற்க ஏழை மக்கள் எழுந்தார்கள். அவர்கள் குடியிருந்த பாரிஸின் சேன்-அந்துவான் பகுதியை அடக்கப் படையோடு சேர்ந்து போனது இந்த அலங்கார இளைஞர்கள்தான். பசித்தவர்களை மிரட்டப் போனவர்களை 'விசித்திர நாகரிகம்' என்ற தலைப்பில் படம் போட்டு ரசிக்க என்னால் முடியவில்லை.

அரசும் அவர்களைத் தேவைப்பட்டவரைதான் வைத்திருந்தது. 1795 அக்டோபர் 5-இல் இவர்களில் பலரும் சேர்ந்து அரசை எதிர்த்துக் கிளம்பியபோது, நெப்போலியன் போனபார்ட்டின் பீரங்கிகள் அவர்களைப் பாரிஸ் தெருவிலேயே சிதறடித்தன.