முப்பது வருடம் பெயரில்லாத ஈ

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக் குதிரை ஈ ஒன்றுக்குப் பாடகி பியான்சேயின் பெயரை வைத்ததைத்தான் எல்லோரும் பேசுகிறோம். என் மனதில் நின்றது அந்த முப்பது வருடக் காத்திருப்பு. அதர்டன் பீடபூமியில் 1981-இல் பிடித்த ஈ அது. ஊசியில் குத்தி, சின்னச் சீட்டு மாட்டிப் பூச்சி சேகரிப்புப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. 2011-இல் பூச்சி ஆராய்ச்சியாளர் பிரையன் லெசார்ட் எடுத்து ஆராயும் வரை அதற்குப் பெயரே இல்லை! வயிற்றின் நுனியில் அடர்ந்த பொன்னிற ரோமம், அதுதான் அடையாளம்.

அப்புறம், குதிரை ஈ என்றாலே அடிக்கக் கை ஓங்குகிறோம். இரத்தம் குடிப்பது பெண் ஈ மட்டும்தான், அதுவும் முட்டை வளர்வதற்காக. ஆஸ்திரேலியாவில் பல வகைகள் கிரெவில்லியா, யூகலிப்டஸ் பூக்களில் தேன் குடித்து மகரந்தம் பரப்புகின்றன. பழைய பெட்டிகளைப் பொறுமையாகத் திறந்து பார்க்க ஆட்களை வேலைக்கு வையுங்கள், தயவுசெய்து.