ரத்ததான முகாம்: எண்ணிக்கை பாதிதான்

சேவைச் சங்கங்களின் ரத்ததான முகாம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, ஒரே நாளில் எத்தனை யூனிட் சேர்ந்தது என்பதையே சாதனையாகச் சொல்கிறது. அது பாதிதான். கொடை ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைத்தாலும் அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும். தட்டணுக்களோ (பிளேட்லெட்) 20 முதல் 24 டிகிரியில், இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தாலும் பொதுவாக 5 நாள்தான் தாங்கும். ஆண்டுவிழா அன்று ஒரேயடியாகக் குவித்தால் கொஞ்சம் காலாவதியாகிப் போகும். இரண்டு மாதம் கழித்து அதே ரத்த வங்கி ஆளுக்கு அலையும். கொடையாளர் பட்டியலை நாலாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு முகாம் வைப்பதுதான் உருப்படியான வேலை. தேதியை முதலில் ரத்த வங்கியிடம் கேளுங்கள், அப்புறம் பேனர் அடியுங்கள்.

முகாமில் அடிக்கடி வரும் தொல்லை மயக்கம். வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காதது, தூக்கமின்மை, பயம் என்று காரணங்கள் எல்லாம் தெரிந்தவைதான். பதிவு மேசையிலேயே அரை லிட்டர் தண்ணீர் கொடுத்துவிடலாம். ஊசியை எடுத்த கையோடு எழுப்பி போட்டோவுக்கு நிறுத்துவது (இது நடக்காத முகாம் உண்டா?) ஆளை விழவைக்க நேர்வழி. 10-15 நிமிடம் உட்காரட்டும். தலை சுற்றினால் உடனே படுக்கவைத்து காலை உயர்த்துங்கள். சிற்றுண்டி மேசையை வாசலில் போடாமல் செவிலியர் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள்.

ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்படுபவரிடம் பேச ஒருவரை நிறுத்துங்கள். அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினால் அவர் அடுத்த முகாமுக்கும் வருவார்.