அதோ, உன் தாய்

பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பங்கிட்டுப் பேசுவது எங்கள் தென் மாவட்டத் திருச்சபைகளில் நெடுநாள் வழக்கம். பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். பீடத்தில் கறுப்புத் துணி தொங்கும். ஏப்ரல் வெயிலுக்கு மின்விசிறி ஒரு பொருட்டே அல்ல. மூன்றாம் வார்த்தை வரும்போது பெண்கள் பக்கத்தில் கைக்குட்டைகள் வெளியே வரும், ஏனென்றால் அதைப் பேச வருகிறவர் யாராக இருந்தாலும் தாய்ப்பாசத்தைத்தான் பேசுவார். "ஸ்திரீயே, அதோ, உன் மகன்" என்றும், சீஷனை நோக்கி "அதோ, உன் தாய்" என்றும் இயேசு சொன்னதில், சாகும் நேரத்திலும் பெற்றவளை மறக்காத ஒரு மகனை மட்டுமே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். நானும் நாற்பது வருடம் அப்படியே கேட்டு, அப்படியே கண் கலங்கி, வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தேன்.

அந்த வசனத்தில் வேறொன்று நடக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. மரியாளுக்கும் அந்தச் சீஷனுக்கும் தாய் மகன் என்ற இரத்த உறவு கிடையாது. அந்த மரத்தடியில் நின்றார்கள் என்பதற்காகவே ஒருத்தி தாயாகவும் ஒருவன் மகனாகவும் ஆக்கப்படுகிறார்கள். "அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான்" என்று யோவான் உடனே எழுதுகிறார். திருச்சபையின் பிறப்பை, சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளிலிருந்து கணக்கிடுவது முறைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அதன் கரு இங்கே, பிறப்பால் வராத ஓர் உறவைச் சிலுவை உண்டாக்கிய இந்த நொடியில் தரித்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

சிலுவையின் நெடுக்குமரம் மனிதனைக் கடவுளோடும், குறுக்குமரம் மனிதனை மனிதனோடும் இணைக்கிறது என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ரோமர்கள் தத்துவம் சொல்வதற்காக அந்த மரத்தைச் செய்யவில்லை. அடிமைகளையும் கலகக்காரரையும் ஊரார் பார்க்க அவமானப்படுத்திக் கொல்வதற்காகச் செய்தார்கள். கொல்லப்படப் போகிறவனே பெரும்பாலும் அந்தக் குறுக்குமரத்தைச் சுமந்து போக வேண்டும். இயேசுவுக்காக அதைச் சுமந்த சிரேனே ஊரானாகிய சீமோன் விரும்பி முன்வந்தவன் அல்லன். நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தவனைப் படைவீரர்கள் பலவந்தம்பண்ணினார்கள். மாற்கு அவனை அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன் என்று அடையாளம் சொல்கிறார். அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதும்போது ரூப் என்ற ஒருவனையும், "எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும்" வாழ்த்துகிறார். இரண்டு ரூப்பும் ஒருவரே என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கருத்து. அது எப்படி இருந்தாலும், "எனக்கும் தாயாகிய" என்று பவுல் எழுதுவதற்கு முன்பே சபைக்குள் அந்த உறவுமுறை நடைமுறைக்கு வந்திருக்கிறது.

இதே பவுல் எருசலேம் ஆலயத்தில் பிடிபட்டது எதற்காக? கிரேக்கரை உள்ளே அழைத்து வந்தான் என்ற குற்றச்சாட்டுக்காக. எபேசியனாகிய துரோப்பீமுவை நகரத்தில் அவரோடு கண்டவர்கள், ஆலயத்துக்குள்ளும் கூட்டி வந்திருப்பார் என்று எண்ணிக்கொண்டார்கள். அந்த ஆலயத்தில் புறஜாதியார் தாண்டக் கூடாத ஒரு தடுப்பு இருந்தது. தாண்டிப் பிடிபடுகிறவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்க மொழியில் எச்சரித்த கல்வெட்டு ஒன்று 1871-இல் கண்டெடுக்கப்பட்டு, இன்றைக்கு இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசியர் நிருபத்தில் சிலுவையைப் பற்றிப் பேசுகிற இடத்தில், "பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்ற வார்த்தைகள் வருவதை அந்தக் கல்லைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

அந்தக் கல் கிடைத்த மறு வருடம், 1872-இல், நம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரு கத்தோலிக்க ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்கள் சாய்வாக வந்து சேரும், நடுவில் சுவர். ஒரு பக்கம் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் நாடார் கிறிஸ்தவர்கள். குருவானவரை இரு சாராரும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. அமைப்பைப் பார்த்து ஜனங்கள் அதற்குக் காற்சட்டைக் கோயில் என்றே பெயர் வைத்தார்கள். எபேசியர் நிருபத்தை வாசிக்கவும் கேட்கவும் செய்கிற ஒரு கட்டடத்துக்குள் நடுச்சுவரை எழுப்புவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் அவர்கள் கேட்ட தனியிட உரிமை கிடைக்கவில்லை.

கத்தோலிக்கரைச் சுட்டிக்காட்டிவிட்டு புராட்டஸ்டண்டுகளாகிய நாங்கள் தப்பித்துக்கொள்வதற்கில்லை. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு "திட்டவட்டமாக, உடனடியாக, இறுதியாக" கைவிடப்பட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதைக் கேட்டுச் சென்னையிலும் தஞ்சாவூரிலும் சபையை விட்டு வெளியேறியவர்கள் பலர். தனித்தனியாக உட்கார்ந்திருந்ததும், திருவிருந்துப் பாத்திரத்தில் யார் முதலில் குடிப்பது என்பதும்தான் அன்றைய சண்டை. "உங்களுக்காகச் சிந்தப்படுகிறது" என்ற வார்த்தையைச் சொல்லிக் கொடுக்கப்படும் பாத்திரத்தில் முந்தியவன் யார், பிந்தியவன் யார்!

என் சிறு வயதில் எங்கள் ஊர் அசனப் பண்டிகை நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து டப்பாவில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொண்டு வந்து கொட்டுவார்கள். பண்டிகை நாளில் பெரிய அண்டாக்களில் சோறு பொங்கி, ஆட்டுக்கறிக் குழம்போடு பந்தி வைப்பார்கள். சில குடும்பங்கள் மட்டும் தூக்குவாளியோடு வந்து வாங்கிக்கொண்டு போய்விடும். அவர்கள் ஏன் உட்காரவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "கூட்டமா இருக்குல்லா, அதான்" என்றாள். அம்மா பொய் சொன்னாள் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் அன்றைக்குப் பந்தியில் இடம் இருந்தது. உட்கார மறுத்தவர்கள் யார், யாரோடு உட்கார மறுத்தார்கள் என்பதெல்லாம் புரிய எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

இதையெல்லாம் கண்டு சலித்த இளைய தலைமுறை, "சிலுவை போதும், சபை வேண்டாம்" என்று யூடியூபில் ஆராதனை பார்த்துக்கொள்கிறது. அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது, அதில் பாதி என் கோபமும்தான். கமிட்டித் தேர்தல் சண்டையைப் பார்த்தவன் எவனும் அவர்களைக் குறை சொல்ல மாட்டான். ஆனாலும் கைப்பேசியில் நான் பிரசங்கியாரைத் தேர்ந்தெடுக்கிறேன், பாட்டைத் தேர்ந்தெடுக்கிறேன், பிடிக்காவிட்டால் தள்ளிவிடுகிறேன். என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. சுவர் கட்டினவன் விரும்பியதும் ஏறக்குறைய இதைத்தான்: பீடம் தெரிய வேண்டும், அடுத்தவன் தெரியக் கூடாது. சிலுவையடியில் நின்ற மரியாளும் சீஷனும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கவில்லை, சீமோனும் அந்த மரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. நான் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் என்பதாலேயே, இத்தனை அழுக்கோடும் சபை எனக்கு வேண்டியிருக்கிறது.

இயேசு "நகர வாசலுக்குப் புறம்பே" பாடுபட்டார் என்று எபிரெயர் நிருபம் சொல்லி, நாமும் அவருடைய நிந்தையைச் சுமந்து வெளியே புறப்பட்டுப் போவோம் என்று அழைக்கிறது. ஊருக்கு வெளியே யார் குடியிருக்கிறார்கள் என்பதைத் தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. தலித் கிறிஸ்தவர்களை 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி அரசாங்கம் பட்டியல் சாதியாராக ஏற்பதில்லை, கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்ற வாதமும் அதற்குச் சொல்லப்படுகிறது. நம்முடைய மணமகள் தேவை விளம்பரங்களோ சபையின் பெயரையும் சாதியின் பெயரையும் ஒரே வரியில் அச்சடிக்கின்றன.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாசல்கள், உள்ளே இடுப்பளவு ஒரு சுவர். சுவரின் இரு பக்கமும் சிமெண்டுச் சிலுவைகள் ஒரே அச்சில் வார்த்தவை, கொத்தனார் ஒருவரே. 2023 டிசம்பர் பெருமழையில் வெளிச்சுவர் பல இடங்களில் சரிந்ததோடு, உள்சுவரும் பத்தடி நீளத்துக்கு விழுந்துவிட்டது. பழுதுபார்க்க நன்கொடை கேட்டுக் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெளிச்சுவருக்கு எவ்வளவு என்று தனியாகக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள், தருகிறேன், உள்சுவருக்கு ஒரு ரூபாய் தர மாட்டேன் என்றேன். மூத்தவர், "அதெல்லாம் ஒரே எஸ்டிமேட்டு, தம்பி" என்று சொல்லிவிட்டு, நீட்டிய ரசீதுப் புத்தகத்தை மூடிக்கொண்டு போனார். இந்த வருடம் மும்மணி ஆராதனை முடிந்து அப்பாவின் கல்லறைக்குப் போயிருந்தேன். வெளிச்சுவர் புதிதாக வெள்ளையடித்து நிற்கிறது. உள்ளே விழுந்த இடம் விழுந்தபடியே கிடக்கிறது; அதன் வழியாக யாருடைய ஆடுகளோ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் மேய்ந்துகொண்டிருந்தன.