கூண்டு ஏத்தியாச்சா?

போன வாரம் பாம்பன் சாலைப் பாலத்து ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நானும் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் மச்சானும் காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். அவன் போனில் செய்தி வந்து விழுந்தது: பாம்பன் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். "சேட்டிலைட் படமே கைக்குள்ள இருக்கு. இன்னுமா மாப்ள கம்பத்துல கூண்டு ஏத்துறாங்க?" என்று சிரித்தான்.

அந்த நேரம் எனக்கும் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வி விடாமல் நச்சரித்தது. அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இல்லாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சிமடத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழசு போய்ப் புதுசு வந்தால்தான் என் வீட்டில் உலை கொதிக்கும். பழசைக் கட்டிப்பிடித்து அழ எனக்கு ஒரு காரணமும் இல்லை.

கூண்டு என்று நாம் சொல்வது கம்பத்தில் ஏற்றும் கூம்பையும் உருளையையும்தான். இரவானால் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் தூரத்துக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகமே அடி வாங்கலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். உண்மையைச் சொன்னால், இன்றைக்குக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துப் புயலைத் தெரிந்துகொள்கிறவர் அநேகமாக யாருமில்லை. கூண்டு ஏறியதே டிவியில் பார்த்துத்தான் தெரிகிறது. கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் கொடுக்கவில்லை என்றால் விசைப்படகு கிளம்பாது, அவ்வளவுதான். மச்சான் சிரித்ததில் தப்பில்லை.

ஆனால் அந்த 11-ம் எண் இருக்கிறதே, அதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அது புயலைப் பற்றிய எண்ணே இல்லை. புயல் எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். மேலே இருந்து இனி தகவல் வராது, உங்கள் பாட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கரைக்கே சொல்வதற்கு ஒரு எண். இதை யோசித்து வைத்தவர், என்றைக்காவது கம்பி அறும் என்று நம்பித்தான் யோசித்திருக்கிறார். என் போனில் மூன்று வானிலை ஆப் இருக்கிறது. டவர் போனால் ஒன்று காலையில் இறக்கிய படத்தையே காட்டும். இன்னொன்றில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, இன்டர்நெட் இல்லை என்று ஒப்புக்கொள்ளும், ஆனால் அதை என்னிடம் மட்டும்தான் சொல்லும், ஊருக்குச் சொல்லாது.

நம் கரையில் தொடர்பு அறுவது யாரோ சொன்ன கதை இல்லை. 1964 டிசம்பர் 22 புயல் இரவில் பாம்பனிலிருந்து கிளம்பிய தனுஷ்கோடி பாசஞ்சர் ரயில், ஊருக்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல் கிடைக்காமல் நின்று, பிறகு இருட்டுக்குள் நகர்ந்துதான் கடலோடு போனது.

சரி, என் கடைக்கு வருகிறேன். நாட்டுப்படகு ஓட்டும் அண்ணன் ஒருவர் வாடிக்கையாக வருவார். மகன் வாங்கிக் கொடுத்த டச் போன் வீட்டில் இருக்கிறது, கடலுக்கு எடுத்துப் போவது பட்டன் போன். பாலித்தீன் கவருக்குள் போட்டு, மேலே ரப்பர் பேண்ட் நாலு சுற்று. போன தடவை கொண்டுவந்தபோது பிரித்துப் பார்த்தேன். உப்பு ஏறி சார்ஜ் பின்னைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது, பேட்டரிக் காலில் வெள்ளைப் பொருக்கு. பழைய டூத் பிரஷ்ஷில் தின்னர் தொட்டுத் தேய்த்து, வேறு பேட்டரி மாற்றினேன். கால் மணி நேரத்தில் டார்ச் எரிந்தது. அதே உப்பு ஒரு டச் போனுக்குள் போயிருந்தால் டிஸ்பிளே, போர்டு என்று ஐயாயிரத்துக்குக் கணக்கு நீட்டியிருப்பேன். "டச் போன் நல்லதுதான் தம்பி. ஈரக் கையால தொட்டா அது நம்மள மதிக்க மாட்டேங்குதே" என்றார் அண்ணன். வலை இழுக்கிற கை எந்நேரம் காய்ந்திருக்கும், சொல்லுங்கள்?

ரேடியோவும் அப்படித்தான். பாம்பனிலிருந்து 90.4-ல் கடல் ஓசை சமுதாய வானொலி 2016-லிருந்து பேசிக்கொண்டிருக்கிறது. கேட்பதற்கு டேட்டா வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் அது திணறாது. புயல் நாளில் ஊரே ஒன்றாகப் போனை எடுக்கும்போது லைன் என்ன பாடுபடும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் கஜா புயல் வீடியோவை இன்றைய புயல் என்று வருடா வருடம் அனுப்பிவைக்கும் சித்தப்பாக்களுக்கு ரேடியோவில் வேலை இல்லை.

இதற்காக எல்லாப் பழசுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஜிபிஎஸ் இல்லாமல் இந்தக் கடலில் இன்றைக்குப் போவது புத்திசாலித்தனமில்லை. விடிவெள்ளி திசை சொல்லும், எல்லைக்கோட்டைச் சொல்லுமா? தண்ணீரில் கோடு கிழித்தா வைத்திருக்கிறார்கள்? ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. கூண்டு ஏற்றிய கம்பம் அங்கிருந்து தெரியாது, கரையின் செல்போன் டவரும் எட்டாது. அந்த இடத்தில் சேட்டிலைட் வழியாகப் படகுக்கே செய்தி கொண்டுவரும் ட்ரான்ஸ்பாண்டர்தான் வேண்டும். பாம்பன் ரயில் பாலத்தின் கதையும் அதேதான். 1914-ல் திறந்த பழைய தூக்குப் பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித் திறப்பதைப் பள்ளிக்கூடம் போகிற வயதில் வாய் பிளந்து பார்த்தவன் நான். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றுபோனபோது வருத்தமாகத்தான் இருந்தது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்து, நடுப்பகுதி அப்படியே மோட்டாரில் மேலே எழும்புவதைப் பார்த்த அன்றைக்கு வருத்தம் போய்விட்டது. உப்புக்காற்றில் நூறு வருடம் நின்றதை விட்டுவிடலாம்.

தந்தி 2013-ல் போனது. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஆகவே மச்சானுக்கு என் பதில்: எத்தனை வருடப் பழசு என்று கேட்காதே மச்சான். கரண்டும் டவரும் இல்லாத ராத்திரியில் எது வேலை செய்யும் என்று கேள். அந்த ராத்திரிக்காக ஒரு கம்பத்தையும் நாலு விளக்கையும் வைத்திருப்பதில் நமக்கு என்ன நஷ்டம்? கடைப் பையன்கள் மூன்று பேரிடம் 11-ம் எண் என்றால் என்ன என்று கேட்டேன். மூன்று பேருமே போனை எடுத்துத் தேடினார்கள். அதுதான் எனக்குக் கவலை. கம்பம் துருப்பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் எழுதி, போடுவதற்கு முன்னால் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். முழுக்கக் கேட்டுவிட்டு, ரேடியோவுக்குச் செல் மாற்றிக்கொண்டே சொன்னார்: "எல்லாம் சரிடா. பதினோராம் நம்பர் ஏத்துற அன்னைக்கு, அதைப் பார்க்கக் கம்பத்துக்கிட்ட எவன் நிப்பான்?"